மூடி அண்ணனின் மாப்பிள்ளைகள்

"மூடி போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருகிறார். யாரைக் கேட்கிறார் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அறையில் ஆளே இல்லாவிட்டாலும் கேட்பார். மேசை மேல் வரிசையாக நிற்கும் குடுவைகளை ஒரு பார்வை பார்த்து, எதன் தலையிலாவது மூடி சற்றுச் சாய்ந்திருந்தால் சுட்டுவிரலால் தட்டி நேராக்குவார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இதுவரை பார்த்ததெல்லாம் செல்லாது என்பதுபோல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு மூடி அண்ணன் என்றுதான் பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவார். வயது நாற்பத்தெட்டு. ஒல்லியான உடம்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "என்னை யாரும் கேக்கல, நானும் யாரையும் கேக்கல" என்று முடித்துவிடுவார். டீக்கடையில் பாதி டீயைக் கீழே வைக்க நேர்ந்தால் டம்ளர் மேல் பிஸ்கட்டை மூடியாக வைக்கிற ஆள். ஒருமுறை கால் வீங்கி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிற நேரம் பார்த்து அவருடைய தண்ணீர்ச் சொம்பையும் மூடி வைத்துவிட்டு வந்தவர். "காத்துல சுத்தறவன் அத்தனை பேரும் பசியோட சுத்தறான். தொறந்து வெச்சா வந்து உக்காந்துடுவான்" என்பது அவர் தரப்பு நியாயம்.

அவருக்கு அங்கே சமையல் வேலை. சாப்பிடுகிறவர்கள் மனிதர்கள் இல்லை, பாக்டீரியாக்கள். காலை எட்டு மணிக்கு வந்து, உப்பும் ஈஸ்ட் சத்தும் புரதத் தூளும் நிறுத்து, வடித்த நீரில் கரைத்து, பெரிய குக்கர் மாதிரி இருக்கும் ஆட்டோகிளேவில் வேகவைத்து, ஆறவைத்து, குடுவை குடுவையாகப் பிரித்து வைப்பார். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும் அந்தச் சூப்பில் மாலைக்குள் கோடிக்கணக்கில் பெருகிவிடுவார்கள்.

சாதாரண பாக்டீரியாக்கள்தான். நம் எல்லார் குடலிலும் குடியிருக்கிற இனத்தின் சாதுவான கிளை. ஆனால் இவற்றுக்குள் கூடத்தின் தலைவியான டாக்டரம்மா இரண்டு மரபணுக்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். ஒன்று, உலோகம் ஊறிப்போன மண்ணில் பிழைக்கத் தெரிந்த வேறொரு பாக்டீரியாவுடையது. மற்றொன்று, கடலில் மிதக்கும் ஜெல்லிமீனுடையது. இதை விளக்க டாக்டரம்மாவுக்கு ஒரு மணி நேரமும் நாற்பது படங்களும் வேண்டும். மூடி அண்ணனுக்கு அரை நிமிடம் போதும். "அதுங்களுக்கு ஒரு மூக்கு வெச்சாங்க, ஒரு விளக்கு வெச்சாங்க. தண்ணியில ஈயம் இருந்தா மூக்குக்குத் தெரியும். மூக்குக்குத் தெரிஞ்சா விளக்கு எரியும். நீல வெளிச்சத்துல வெச்சுப் பாத்தா பச்சையா தெரியும். அவ்ளோதான். மிச்சம் எல்லாம் படம்."

இரண்டாவது ஒரு வகையும் உண்டு. அதற்கு மூக்கு, விளக்கு ஒன்றும் கிடையாது. உடம்பின் வெளிச்சுவர் முழுக்க ஈயத்தைக் கவ்விக்கொள்ளும் புரதம். கடற்பாசிப் பசையில் கலந்து சவ்வரிசி அளவில் உருட்டி, நீளமான கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்திருக்கிறார்கள். மேலே ஊற்றுகிற கெட்ட நீர் கீழே சொட்டும்போது ஈயம் உருண்டைகளிலேயே தங்கிவிடும். என்றைக்காவது தொழிற்சாலைக் கழிவு வாய்க்கால்களின் வாயில் இதை வைக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் ஆசை. அதுவரை இரண்டு வகையில் ஒன்றுகூட அந்த அறை வாசலைத் தாண்டக் கூடாது. வெளித் தண்ணீர் உள்ளே வரலாம்; உள்ளே இருப்பவர்கள் வெளியே போகக் கூடாது.

இவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளைங்க. "நேரத்துக்குச் சாப்பாடு வரணும். சூடு முப்பத்தேழுலயே நிக்கணும். உப்பு ஒரு சிட்டிகை கூடினா மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் படுத்துடும். குடுவைய அசைச்சுக்கிட்டே இருக்கணும், இல்லன்னா மூச்சு முட்டுதுன்னு குறை. மாப்பிள்ளைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?" புதிதாக வரும் ஆராய்ச்சி மாணவிகள் முதல் வாரம் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து அவர்களும் மாப்பிள்ளை என்றே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

மாலை ஐந்து மணிக்கு, காலையில் விருந்து வைத்த அதே மாப்பிள்ளைகளை அவரே கொல்ல வேண்டும். விதி அப்படி. அன்றைக்கு வேலை முடிந்த அத்தனை குடுவைகளையும் தட்டுகளையும் தடித்த பைகளில் கட்டி, காலையில் சமைத்த அதே ஆட்டோகிளேவில் அடுக்கிக் கதவைத் திருகி மூடுவார். மூடுவதற்கு முன் பைகளைப் பார்த்து, "போய்ட்டு வாங்க" என்பார். ஊருக்குக் கிளம்புகிறவர்களிடம் சொல்கிற அதே குரலில்தான் சொல்வார். இதற்கு மட்டும் யாராவது சிரித்தால் அவருக்குப் பிடிக்காது.

பத்தொன்பது வருட சர்வீசில் அவருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. சோதனைப் பதிவேட்டில் கடைசியாக 'தவறு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எல்லாருடைய பெயருக்கு நேராகவும் எப்போதாவது ஏதாவது எழுதப்பட்டிருக்கும்; டாக்டரம்மாவின் பெயருக்கு நேராகவே நான்கு இருக்கும். மூடி அண்ணன் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. காரணம் அவருடைய வெறும் தண்ணி டியூப். எந்தச் சோதனைக்கும் மூன்று டியூப் வைப்பார். முதலாவதில் எதுவும் கலக்காத வடித்த நீர். இரண்டாவதில் ஈயம் கலந்திருக்கிறது என்று தெரிந்த நீர். மூன்றாவதில்தான் சோதிக்க வேண்டியது. "முதல்ல வெறும் தண்ணி என்ன சொல்லுதுன்னு பாருங்க. அது இருட்டா இருக்கணும். அதுவே வாயத் தொறந்தா, மத்த டியூப் சொல்றது எதையும் நம்பாதீங்க. எங்கயோ நம்ம கை அழுக்கு." அவர் வைத்த வெறும் தண்ணி இதுநாள்வரை வாயைத் திறந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியச் சாப்பாடு தங்கை வீட்டில். அவர் தங்கியிருக்கும் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது அந்த வீடு. முன்னறையில் தங்கையின் கணவர் பேட்டரிப் பட்டறை வைத்திருக்கிறார். உயிர் போன கார் பேட்டரிகளை உடைத்து, கெட்ட தகடுகளை எடுத்துவிட்டு வேறு போட்டு, ஈயத்தை உருக்கி முனை வார்த்துக் கொடுப்பார். பின்னறையில் குடும்பம்.

நிஜ மாப்பிள்ளை இவர்தான். ஆனால் மாப்பிள்ளைக்குரிய ஒரு குணமும் இல்லாத மனிதர். வைத்ததைச் சாப்பிடுவார். கேட்காமலே பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பார். மச்சான் வந்தால் நல்ல நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் தான் கவிழ்த்த பேட்டரிப் பெட்டி மேல் உட்காருவார். அவர் முகம் சுண்டுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், பட்டறை. யாரிடமும் கைகட்டி நிற்காமல் தானே கற்று, தானே போட்ட பட்டறை. அதை ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் அன்றைக்கு முழுக்கப் பேச்சு நின்றுவிடும்.

இவர்களுக்கு ஒரே பெண். இரண்டரை வயது. வாண்டு என்று கூப்பிடுவார்கள். மூடி அண்ணனுக்கு உலகத்தில் உயிரோடு ஒட்டிய சொந்தம் எது என்று கேட்டால் யோசிக்காமல் அவளைத்தான் காட்டுவார். ஒன்றரை வயதில் "மாமா" என்று சொன்னாள். அப்பா என்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள் என்று அவர் ஆய்வுக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தார். அதற்கப்புறம் வார்த்தைகள் மளமளவென்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்த ஏழெட்டும் ஒவ்வொன்றாக நின்றன. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முகம் வெளிறிப்போயிற்று. "பல் முளைக்குதுல்ல அண்ணா, அதான்" என்றாள் தங்கை. மாப்பிள்ளை தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டறைச் சட்டையோடு தரையில் கொஞ்ச நேரம் கண்ணயர்வார். வாண்டு அவர் நெஞ்சின் மேல் குப்புறப் படுத்து, சட்டைப் பொத்தானை வாயில் வைத்துக்கொண்டு தூங்கும்.

பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்த மூடி அண்ணனின் கண் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டையில் படிந்திருந்த ஈயத் தூளில் போய் நின்றது.

மறுவாரத்திலிருந்து சட்டைப் பையில் ஒரு காலி டியூப் அவரோடு தங்கை வீட்டுக்குப் போயிற்று. காலியாகவே திரும்பி வந்தது. இப்படி மூன்று மாதம். ஊரில் யார் எந்த வாய்க்காலில் அள்ளி வந்தாலும் தயங்காமல் சோதித்துச் சொல்கிற மனிதருக்கு அங்கே ஒரு பாத்திரம் தண்ணீர் எடுக்கக் கை வரவில்லை. பச்சையாக எரிந்துவிட்டால் தங்கையிடம் என்ன சொல்வது, மாப்பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது? எரியாமல் போனால் நிம்மதிதான். ஆனால் எரியாது என்று நம்புகிறவன் மூன்று மாதம் தள்ளிப்போடுவானா என்று அவர் மனசே அவரைக் குடைந்தது.

கடைசியில் ஒரு ஞாயிறு, வாண்டுவைப் பின்கட்டில் உட்காரவைத்து, கொண்டுபோன வடித்த நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, "மீன் பிடிக்கலாமா?" என்றார். பிள்ளை இரண்டு கையையும் விட்டு அளைந்தது. விரல் விரலாகத் தடவிக் கழுவிவிட்டார். அந்தத் தண்ணீர் டியூபுக்குள் போயிற்று. உடனே மூடி போட்டார்.

திங்கட்கிழமை மூன்று டியூப் வைத்தார். மாப்பிள்ளைகள் மோப்பம் பிடித்து விளக்கேற்ற மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரமும் கழுவின குடுவைகளையே மறுபடி கழுவினார். பிறகு நீல விளக்குப் பெட்டிக்குள் வைத்துக் குனிந்து பார்த்தார். வெறும் தண்ணி இருட்டாக இருந்தது. ஈயத் தண்ணீர் பச்சையாக இருந்தது. மூன்றாவதும் பச்சையாக இருந்தது.

நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு பதிவேட்டை இழுத்து, மாதிரி என்ற இடத்தில் 'வெளி நீர்' என்று எழுதி, பத்தொன்பது வருடமாகத் தொடாமல் வைத்திருந்த கடைசிக் கட்டத்தில், 'தவறு. கை சுத்தமில்லை' என்று எழுதினார்.

அடுத்த ஞாயிறும் மீன் பிடித்தார்கள். இந்த முறை கிண்ணத்தை ஆய்வுக்கூடத்திலேயே கழுவி, வேகவைத்து, தாளில் சுற்றிக் கொண்டுபோனார். மூடி அண்ணன் தன் வாழ்க்கையில் முதன்முறையாக, தான் எங்கேயாவது தவறு செய்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். வெறும் தண்ணியாவது எரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடாதா என்று இருந்தது. அது வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது டியூப் முன்னைவிடச் சற்றுப் பளிச்சென்று எரிந்தது. அன்றும், 'தவறு. கை சுத்தமில்லை' என்றே எழுதினார்.

டாக்டரம்மா வியாழக்கிழமைதோறும் பதிவேட்டைப் புரட்டுவார். பெரிதாகப் பேசாத மனுஷி. புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு சமையல் மேசைக்கு வந்து, மூடி அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று, அவர் தூளை நிறுத்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ரெண்டு தடவை தப்பு பண்ணியிருக்கீங்க போல" என்றார்.

மூடி அண்ணன் தலையாட்டினார்.

"வெறும் தண்ணி இருட்டாத்தானே இருந்துச்சு? நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் கை எப்படி அழுக்காகும்?" டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "யாரோட தண்ணி அண்ணே அது?"

அதுவரை அவரை அண்ணே என்று டாக்டரம்மா கூப்பிட்டதில்லை. மூடி அண்ணன் மின் தராசை நிறுத்தினார். தூள் டப்பாவை மூடினார். மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டே வாண்டுவையும் பட்டறையையும் பற்றிச் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் ஒரு நூல் நம்பிக்கையை மிச்சம் வைத்துக்கொண்டு, துத்தநாகமாக இருக்கலாம் இல்லையா, நம் மாப்பிள்ளைகள் சில நேரம் துத்தநாகத்துக்கும் லேசாக எரிகிறார்களே என்றார். இருக்கலாம் என்று டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். துத்தநாகத்துக்கு மட்டும் எரிகிற வேறொரு வகை அவரிடம் இருந்தது. மிச்சமிருந்த தண்ணீரை அன்றே அதில் வைத்துப் பார்த்தார்கள். எரியவில்லை.

பதிவேட்டில் அந்த இரண்டு கட்டங்களையும் மூடி அண்ணனே அடித்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மறுபடியும் சுத்தமாகிவிட்ட அந்தக் கட்டத்தைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. இது கையில் இருந்த அழுக்கை மட்டும்தான் சொல்லும், உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று ரத்தம்தான் சொல்லும், நாளைக்கே கூட்டிப்போங்கள் என்றார் டாக்டரம்மா.

தங்கைதான் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள். அண்ணன் கூடப் போனார். ரத்தத்தில் ஈயம் இருந்தது. குழந்தைக்கு இருக்கக் கூடாத அளவில் இருந்தது. படுக்கையில் போட்டு மருந்து ஏற்றுகிற அளவுக்கு இல்லை என்றார் குழந்தை மருத்துவர். இரும்புச் சத்துக்கு மருந்து எழுதினார். ஈயம் வருகிற வழியை அடைக்க வேண்டும், அடைத்தால் மெல்ல மெல்ல இறங்கும், அடைக்காவிட்டால் எந்த மருந்தும் பிரயோஜனமில்லை என்றார். எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டபோது தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை நம்பவில்லை. நம்ப முடியாமல்தான் கோபப்பட்டார். குழாய்த் தண்ணீரைச் சொன்னார், பொம்மையில் பூசிய பெயிண்டைச் சொன்னார், தெருவில் ஓடும் வண்டிப் புகையைச் சொன்னார். பதினான்கு வருடமாக இதே பட்டறையில் இருக்கும் தனக்கே ஒன்றும் ஆகவில்லையே என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்து, அதுவரை அந்த வீட்டில் கேட்டிராத குரலில் கேட்டார்.

"என் பிள்ளைக்கு நானே விஷம் வெச்சேன்னு சொல்ல வர்றீங்களா மச்சான்?"

அந்த ஞாயிறு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் மூடி அண்ணன் விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டறை வாசலில் போய் நின்று, "ஒரே ஒரு தடவை எங்கூட வந்து பாத்துட்டு, அப்புறம் என்னை என்ன வேணா சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார். மாப்பிள்ளை உருக்கிக்கொண்டிருந்த ஈயத்தை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் மாப்பிள்ளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நகக்கண்ணைக்கூட விடவில்லை. கழுவிய கையை நீட்டி, "இதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க, பாப்போம்" என்றார். அதோடு விடாமல், மச்சானும் கையைக் கழுவித் தண்ணீரைக் கொடுக்க வேண்டும் என்றார். ஊரில் எல்லார் கையிலும் இது இருக்கும், தன் கையை மட்டும் பார்த்தால் எப்படித் தெரியும் என்றார். நியாயமான கேள்வி. வெறும் தண்ணியை நம்புகிற மூடி அண்ணனுக்கு அந்தக் கேள்வி பிடித்தேயிருந்தது. இரண்டு பேர் கையையும் தனித்தனியாக வடித்த நீரில் அலசி எடுத்து, நான்கு டியூப் வைத்தார்.

மூன்று மணி நேரம் இருவரும் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு மாப்பிள்ளை, இந்தக் கட்டடத்துக்கு மின்சாரம் போனால் என்ன செய்வார்கள் என்று விசாரித்தார். கீழே பேட்டரி அறை இருக்கிறது என்றார் மூடி அண்ணன். எந்த வகை, எத்தனை வருடமாச்சு, யார் பார்க்கிறார்கள் என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே போனார். அவர் சொன்ன இரண்டு யோசனைகள் நல்ல யோசனைகள். தொழிலைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் தெளிந்துவிடும். அதைப் பார்க்கத்தான் மூடி அண்ணனுக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தார்.

நேரமானதும் உள்ளே கூட்டிப்போய், விளக்கை அணைத்து, நீலப் பெட்டியின் முன் மாப்பிள்ளையைக் குனியச் சொன்னார். எது எது என்று விரலால் காட்டினார். வெறும் தண்ணி இருட்டு. ஈயத் தண்ணீர் பச்சை. மச்சானின் கை இருட்டு. நான்காவதைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஈயத் தண்ணீருக்குச் சளைக்காமல் எரிந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். மச்சான் விளக்கைப் போட்டதும் நிமிர்ந்து தன் கைகளைப் பார்த்தார், உள்ளங்கை, புறங்கை, மறுபடி உள்ளங்கை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சோப்பு வாசனை அடித்தது.

"மூணு தடவை கழுவினேனே மச்சான்."

"பாத்தேன்."

"தினமும் இந்தக் கையாலதான் அவளுக்கு ஊட்டறேன்."

உங்களுக்குத் தெரியாதுதானே மாப்பிள்ளை, எங்களுக்கே இவ்வளவு நாளாயிற்றே என்று ஏதோ சொன்னார் மூடி அண்ணன். தான் மூன்று மாதம் காலி டியூபோடு திரும்பிய கதையையும் சொன்னார். அதை அவர் அதுவரை டாக்டரம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அந்த மூன்று மாதம் இனி எந்தப் பதிவேட்டிலும் அடித்துத் திருத்த முடியாதது என்று அவருக்குத் தெரியும். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. அவர் பார்வை கண்ணாடிக் குழாயில் நின்றிருந்தது. அதில் உருண்டைகள் வழியே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டார். ஈயத்தைப் பிடித்துவைக்கிறவர்கள் என்று மூடி அண்ணன் சொன்னார்.

"எல்லாத்தையும் பிடிச்சுடுமா?"

"தண்ணியில இருக்கறத பிடிச்சுடும்."

"பிள்ளை உடம்புல இருக்கறத?"

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் வந்து எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லக் கிடைத்தால் அவர் மிச்ச ஆயுளைக் கொடுத்திருப்பார்.

"பிடிக்காது மாப்பிள்ளை. அது தானாத்தான் இறங்கணும். நாமதான் மேல ஏறாம பாத்துக்கணும்."

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்றரை மாதத்தில் பட்டறை தெருக்கோடியில் இருந்த ஒரு கொட்டகைக்கு மாறியது. அங்கேயே குளித்து, அங்கேயே சட்டை மாற்றி, அங்கேயே செருப்பை விட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிறார். முன்னறைத் தரையை உடைத்துப் புதிதாகப் போட்டார்கள்; அந்த நாட்களில் தாயும் மகளும் மூடி அண்ணனின் அறையில் தங்கினார்கள். அவர் நடைவழியில் படுத்துக்கொண்டார். வாண்டுவின் ரத்தத்தில் ஈயம் இறங்கிக்கொண்டிருக்கிறது. நினைத்த வேகத்தில் இல்லை, ஆனாலும் இறங்குகிறது. வார்த்தைகளில் மூன்று திரும்பியிருக்கின்றன. மீதியும் வருமா என்று கேட்டால் குழந்தை மருத்துவர் பார்க்கலாம் என்கிறார். மூடி அண்ணன் காலையில் எட்டு மணிக்கு வந்து சூப் வைக்கிறார். மாப்பிள்ளைகள் வழக்கம்போல் உப்புக்கும் சூட்டுக்கும் குறை சொல்லிக்கொண்டு வளர்கிறார்கள்.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு மாலை, நீலப் பெட்டியைப் பார்த்துவிட்டு இருவரும் நடந்தே வீடு திரும்பினார்கள். தெருமுனையில் திரும்பும்போதே தங்கை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பது தெரிந்தது. என்ன ஆச்சு என்று அவள் கண்ணால் கேட்டாள். வாண்டுவுக்கு அந்தக் கேள்வி எதுவும் கிடையாது. அப்பாவைப் பார்த்ததும் அம்மாவின் இடுப்பிலிருந்து பாதி உடம்பை வெளியே தள்ளி, இரண்டு கைகளையும் நீட்டியது. மாப்பிள்ளையின் கைகள் பழக்கத்தில் மேலே எழுந்தன. பாதியில் நின்றன. அவர் ஒரு அடி பின்னால் வைத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னே கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டார். பிள்ளை நீட்டிய கையை மடக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னால் வந்துகொண்டிருந்த மூடி அண்ணன் நெருங்கி வந்து, முதுகுக்குப் பின்னே இறுகியிருந்த அந்தக் கைகள் இரண்டையும் தன் கைகளுக்குள் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.